“ஆவிக்குரிய தாய்” என்று பேர் வைத்துவிட்டால் போதுமா?

முத்துநகர்_வாசகி | பிப்ரவரி 9, இரவு 9:12

எங்கள் சபையில் புதிதாக ஞானஸ்நானம் எடுக்கும் பெண்கள் ஒவ்வொருவருக்கும் மூத்த சகோதரி ஒருவரை “ஆவிக்குரிய தாய்” என்று நியமிக்கப் போகிறார்கள். பட்டியல் தயார், ஜெபித்தும் ஆயிற்று. அந்தத் தாய் என்ன செய்ய வேண்டும், எத்தனை நாளைக்குச் செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட யாரும் எழுதவில்லை. கேட்டால் வேதாகமத்தில் தீத்து 2ஆம் அதிகாரத்தைக் காட்டுகிறார்கள். முதிர்வயதுள்ள ஸ்திரீகள் பாலிய ஸ்திரீகளுக்குப் புத்திசொல்ல வேண்டும் என்று அங்கே இருக்கிறது, சரி. தாய் என்ற சொல் எங்கே இருக்கிறது?

என் கட்சி இது: போதகர், மேய்ப்பர், உபாத்தியாயர் என்று இருக்கிற சொற்களே போதும். தாய் என்ற சொல் உள்ளே வந்தால் கண்ணீரும் அதிகாரமும் கைகோத்துக்கொண்டு கூடவே வரும். தப்பு என்றால் காட்டுங்கள்.

ஓலைப்பாய் | பிப்ரவரி 9, இரவு 11:40

தீத்து 2 விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தச் சொல்லை உங்கள் கமிட்டி கண்டுபிடிக்கவில்லை, பவுலே தன் நிருபங்களில் எடுத்தாண்டிருக்கிறார். அதுவும் ஓரிடத்தில் அல்ல.

1 தெசலோனிக்கேயர் 2:7, பால்கொடுக்கிற தாய். 1 கொரிந்தியர் 3:2, போஜனம் கொடாமல் பாலைக் குடிக்கக் கொடுத்தேன். கலாத்தியர் 4:19, “மறுபடியும் கர்ப்பவேதனைப்படுகிறேன்”. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தெசலோனிக்கேயாவில் ஊட்டுகிறார். கொரிந்துவில் வேண்டுமென்றே ஒன்றைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார். கலாத்தியாவில் பிறந்துவிட்ட பிள்ளைக்கே மறுபடி வலி எடுக்கிறது. உடலில் நடக்காத காரியம். உவமையை அவரே உடைக்கிறார். ஒருமுறை பெற்றதோடு வேலை முடியவில்லை என்பதைச் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியவில்லை போல.

அதே வசனத்தில் கவனிக்க வேண்டியது “கிறிஸ்து உங்களிடத்தில் உருவாகுமளவும்” என்பது. உருவாக வேண்டியது பவுலின் சாயல் அல்ல. நியமிக்கப்படும் ஒவ்வொரு தாய்க்கும் இந்த ஒரு வரியை முதல் நாளே வாசித்துக் காட்டினால் உங்கள் பயத்தில் பாதி குறையும். பெண் உங்கள் குரலில் ஜெபிக்க ஆரம்பித்தால், உங்கள் இழுவை, உங்கள் “ஸ்தோத்திரம்” உட்பட, மகிழ்ச்சி அடையாதீர்கள். ஏதோ இடறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓலைப்பாய் | பிப்ரவரி 10, காலை 6:55

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். 1 தெச 2:7-இல் கிரேக்கம் “தாய்” என்று சொல்லவில்லை. அங்கே இருப்பது திரோஃபோஸ், அதாவது பாலூட்டும் செவிலி. கூலிக்கு ஊர்ப் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறவள், வீட்டுக்கு வந்து “தன் சொந்தப்” பிள்ளையை அணைக்கும்போது எப்படி இருப்பாளோ அப்படி என்பது படம். நம் பழைய மொழிபெயர்ப்பு அதைத் “தாயானவள்” என்று சுருக்கிவிட்டது. தமிழில் நற்றாய், செவிலித்தாய் என்று இரண்டு தனித்தனிச் சொல் இரண்டாயிரம் வருடமாகக் கிடக்க, பயன்படுத்தாமல் விட்டது நமக்கு நஷ்டம்தான். பெற்றவள் வேறு, வளர்க்கிறவள் வேறு, இருவரும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் இருக்கலாம் என்பது அகப்பாட்டு படித்தவர்களுக்குப் புதிதல்ல.

இன்னொரு சிக்கலும் உண்டு. அதே வசனத்தில் “பட்சமாய்” என்று வரும் இடத்தில் வத்திக்கான் சுவடி போன்ற பழைய சுவடிகளில் “குழந்தைகளாய்” என்று இருக்கிறது. ஏபியோய், நேபியோய்: ஒரே ஓர் எழுத்து வித்தியாசம். அதை ஏற்றால் பவுல் ஒரே மூச்சில் தன்னைக் குழந்தை என்றும் செவிலி என்றும் சொல்கிறார். இதை வைத்துப் பிரசங்கம் கட்டுகிறவர்கள் உண்டு. நான் கட்டவில்லை.

கரிசல்_டீக்கன் | பிப்ரவரி 10, மதியம் 1:20

இதெல்லாம் பிற்காலத்தில் ரோமன் கத்தோலிக்கர் வளர்த்தெடுத்தது இல்லையா? மதர் சுப்பீரியர், ஞானத்தாய் எல்லாம்?

ஓலைப்பாய் | பிப்ரவரி 10, மாலை 5:05

அவர்களுக்கு முன்பே உண்டு. 4ஆம் நூற்றாண்டு எகிப்து பாலைவனத்தில் ஆண் துறவிகளை அப்பா என்றும் பெண் துறவிகளை அம்மா என்றும் அழைத்தார்கள். ஆமாம், “அம்மா”தான், அதே உச்சரிப்பு. மொழிபெயர்ப்பாளருக்கு வேலை வைக்காத சொல்.

பாலைவனத் தந்தையர் வாக்குகளின் அகரவரிசைத் தொகுப்பில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள்: தியோடோரா, சாரா, சின்க்ளெட்டிகா. உங்கள் கமிட்டிக்குத் தேவை முதலாவதும் மூன்றாவதும். கற்பிக்கிறவருக்கு வேண்டிய தகுதிகள் என்று தியோடோரா ஒரு பட்டியல் தருகிறார்: ஆள வேண்டும் என்ற ஆசையும் வீண்பெருமையும் இருக்கக்கூடாது, முகஸ்துதியில் மயங்கக்கூடாது, பரிசில் கண் மறையக்கூடாது, வயிற்றுக்கும் கோபத்துக்கும் தோற்கக்கூடாது. “நன்றாக ஜெபிக்கிறவர்” என்பது அந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் பாருங்கள். நாம் ஆள் தேடும்போது அதைத்தான் முதலில் பார்க்கிறோம்.

சின்க்ளெட்டிகா சொன்னது இன்னும் காரியமானது. தன் வாழ்க்கையில் பழகிப் பார்க்காமல் கற்பிக்கப் புறப்படுகிறவர், இடிந்துகொண்டிருக்கிற வீட்டில் விருந்தாளியைத் தங்கவைக்கிறவர் மாதிரி. உபசாரம் உண்மைதான். கூரை தலையில் விழும். அவரே இன்னொன்றும் சொல்கிறார்: முட்டையை விட்டு எழுந்துபோகிற பறவை குஞ்சு பொரிக்காது, இடம் மாறிக்கொண்டே இருக்கிற துறவியும் அப்படித்தான் ஆறிப்போவார். இது மாணவிக்கு. மூன்று மாதத்துக்கு ஒரு வழிகாட்டி மாற்றுகிறவர்களுக்கு.

முத்துநகர்_வாசகி | பிப்ரவரி 11, காலை 10:30

சரி அண்ணா, சொல் இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். வேலை என்ன? எத்தனை முறை பார்ப்பது, எதைப் படிக்கக் கொடுப்பது, எப்போது நிறுத்துவது? பக்தி வேண்டாம், கணக்கு சொல்லுங்கள்.

ஓலைப்பாய் | பிப்ரவரி 11, இரவு 10:15

கணக்கு.

உவமையை முழுசாக எடுத்துக்கொண்டால் கணக்கு அதிலேயே இருக்கிறது. குழந்தைக்கு முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு, தொடக்கத்தில் நாளுக்கு இரண்டு மூன்று வேளை, ஒன்பது மாதத்துக்கு மேல் மூன்று நான்கு வேளை. பால் அன்றைக்கே நிற்பதில்லை, இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் போகலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அதாவது சோறு தொடங்குகிற நாளும் பால் நிற்கிற நாளும் ஒன்றல்ல. இடையில் ஒன்றரை வருடம் இரண்டும் சேர்ந்தே போகின்றன. சபைகளில் தவறுவது இங்கேதான்: எட்டு வார வகுப்பு, சான்றிதழ், அப்புறம் கைகழுவல். இல்லையென்றால் பத்து வருடம் ஆகியும் பால்.

எத்தனை முறை: முதல் ஆறு வாரம், வாரம் ஒருமுறை, 45 நிமிடம், ஒரே கிழமை ஒரே நேரம். அப்புறம் ஆறாம் மாதம்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. அப்புறம் மாதம் ஒருமுறை, ஒரு மணி நேரம். ஒரு வருடத்தில் உட்கார்ந்து பேசுங்கள்: தொடரலாமா, முடிக்கலாமா என்று. ஒன்றரை வருடத்துக்கு மேல் தொடர்ந்தால் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல முடிய வேண்டும்.

இடம்: வீட்டு முன்னறை, கதவு திறந்து. சமையலறை இன்னும் நல்லது, கை வேலையாக இருந்தால் வாய் திறக்கும். காய் நறுக்கிக்கொண்டே சொல்லப்பட்ட பாவ அறிக்கைகள் கோவிலில் சொல்லப்பட்டதைவிடக் குறைவாக இருக்காது.

சந்திப்பின் உள்ளடக்கம்: இரண்டு நிமிடம் மௌனம். அவள் பேசுவது அரை மணி. நீங்கள் பேசுவது பத்து நிமிடத்துக்குள். கடைசியில் ஒரே ஒரு காரியம், அடுத்த சந்திப்புவரை. மூன்று காரியம் கொடுத்தால் மூன்றும் நடக்காது, அந்த வெட்கத்தில் அடுத்த வாரம் அவள் வரமாட்டாள்.

படிக்க: மாற்கு சுவிசேஷம், 16 அதிகாரம். வாரத்துக்கு நான்கு என்று நான்கு வாரம். கூட ஒரு சங்கீதம், அதுவும் குறைசொல்லும் சங்கீதங்கள், 13 மாதிரி. தேவனிடம் இப்படியும் பேசலாம் என்று ஆரம்பத்திலேயே தெரியட்டும். வெளிப்படுத்தின விசேஷம் முதல் வருடம் வேண்டாம். தவறிய நாளுக்குச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாகப் படிக்கச் சொல்லாதீர்கள். கக்கின பிள்ளைக்கு உடனே இரண்டு பங்கு ஊட்டுகிற தாய் இல்லை.

ஜெபம்: முதல் மூன்று சந்திப்பில் நீங்கள் ஜெபியுங்கள். நான்காவதிலிருந்து இருவரும். மூன்றாம் மாதத்திலிருந்து அவள் முடிக்கட்டும். ஆறாம் மாதம் அவள் உங்களுக்காக ஜெபிக்கட்டும், உங்கள் குறையைச் சொல்லி. கடைசிப் படியைத்தான் தாய்மார் தாண்டிவிடுகிறார்கள், கூச்சம். பலமான ஆகாரத்தில் முதல் கவளம் அதுதான்.

வாட்ஸப்: அன்றைக்குள் பதில், அந்த நிமிடமே அல்ல. கேள்வி வந்தால் முதல் பதில் “நீ என்ன நினைக்கிறாய்?” தினம் காலையில் பூப் படத்தோடு வசனம் அனுப்புவதை மட்டும் செய்யாதீர்கள். கரண்டியிலிருந்து ஒழுகாத அளவுக்குக் கெட்டியாக ஊட்டுங்கள் என்று அங்கன்வாடியில் சொல்வது ஏன்? தண்ணிக் கஞ்சியில் வயிறு நிறையும், சத்து ஏறாது. வசனப் படம் தண்ணிக் கஞ்சி.

எண்ணிக்கை: ஒரு தாய்க்கு இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று. ஐந்து பேரைக் கொடுத்தால் மாட்டேன் என்று சொல்லத் தெரிந்தவரையே நியமியுங்கள். மோசே சொன்னார். எண்ணாகமம் 11-இல் இவர்களையெல்லாம் நானா கர்ப்பந்தரித்தேன், இவர்களைப் பெற்றது நானோ என்று தேவனிடமே கேட்டார். கிடைத்தது திட்டு அல்ல, எழுபது மூப்பர்கள்.

கரிசல்_டீக்கன் | பிப்ரவரி 12, காலை 8:02

பூப் படம் அனுப்புகிறவன் நான்தான். 214 பேருக்கு.

ஓலைப்பாய் | பிப்ரவரி 12, காலை 8:20

214 பேருக்கு அனுப்பினால் அது தாய்ப்பால் இல்லை, ஆவின்.

ஓலைப்பாய் | பிப்ரவரி 13, இரவு 9:50

முந்தாநாள் கணக்கில் விட்டுப்போனது நிறுத்துவது. என்னைக் கேட்டால் இந்த உவமையின் சாரமே அங்கேதான் இருக்கிறது. பால் கொடுப்பதைப் பற்றிப் பேசாத பிரசங்கம் இல்லை. பால் மறக்கடிப்பதைப் பற்றிப் பேசினவர்கள் குறைவு. வேதத்திலோ அது விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிறது.

ஆதியாகமம் 21:8. ஈசாக்கு பால் மறந்த நாளில் ஆபிரகாம் பெரிய விருந்து பண்ணினான். பிறந்த நாளில் விருந்து என்று சொல்லவில்லை, பால் மறந்த நாளில். நம்மிடம் சோறூட்டு உண்டு, பால் மறந்ததற்குச் சடங்கு இல்லை. நமக்கு அது வேப்பெண்ணெய் தடவி இருட்டில் முடிக்கிற காரியம். உங்கள் சபைக்கு என் யோசனை: நியமிக்கிற நாளில் மேடை வேண்டாம், முடிக்கிற நாளில் சாப்பாடு போடுங்கள். முடிவு என்று ஒன்று உண்டு, அது நல்ல செய்தி என்று எல்லாருக்கும் தெரியும். இல்லாவிட்டால் விலகுகிற பெண் பின்வாங்கிப்போனவள் என்று பேச்சு கிளம்பும்.

1 சாமுவேல் 1. அன்னாள் பால் மறக்கப்பண்ணும்வரை சீலோவுக்குப் போகவில்லை, மறந்தபின் கொண்டுபோய் விட்டாள். அந்தக் காலத்தில் அது மூன்று வயதளவு. கத்தோலிக்க வேதாகமத்தில் உள்ள 2 மக்கபேயரில் ஒரு தாய் மூன்று வருடம் பாலூட்டினேன் என்கிறாள். விட்டபிறகு அன்னாள் என்ன செய்தாள்? 1 சாமுவேல் 2:19: வருஷந்தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்துக் கொண்டுபோனாள். வாரந்தோறும் அல்ல. தைப்பதற்குப் பிள்ளை இப்போது எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும், போன வருட அளவு பொருந்தாது. முடித்தபிறகு வருடத்துக்கு ஒருமுறை சந்தியுங்கள். “அந்தப் பழைய பிரச்சினை எப்படி இருக்கு?” என்று ஆரம்பிக்காதீர்கள். அது போன வருடச் சட்டை.

சங்கீதம் 131. “பால்மறந்த குழந்தையைப்போல”. பால் குடிக்கிற குழந்தை தாய் மடியில் உட்கார்ந்தால் கை எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். பால் மறந்த குழந்தை அதே மடியில் சும்மா உட்காரும். அவள் உங்களிடம் எதுவும் கேட்க வராமல், சும்மா வந்து உட்கார்ந்து காபி குடித்துவிட்டுப் போகிற நாள் வந்தால் வேலை முடிந்தது.

ஸ்பானியத் துறவி சிலுவை யோவான் (1542–1591) “இருண்ட இரவு” தொடக்கத்தில் இதையே எடுக்கிறார். தாய் பிள்ளையை மார்பில் வைத்துச் சூடு கொடுத்து, இனிப்பான பால் கொடுத்து, தூக்கிச் சுமக்கிறாள். வளர வளரக் கொஞ்சுவதைக் குறைத்து, மார்பில் கசப்பான கற்றாழைச் சாற்றைத் தடவி, கீழே இறக்கி நடக்க விடுகிறாள். ஸ்பெயினில் கற்றாழை, இங்கே வேப்பெண்ணெய், சில வீடுகளில் மூசாம்பரம், அதுவும் கற்றாழைதான். ஆகவே எட்டாம் மாதத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசப்பைத் தடவத் தொடங்குங்கள்: பதிலைத் தாமதப்படுத்துங்கள், பாராட்டைக் குறையுங்கள்.

ஓலைப்பாய் | பிப்ரவரி 14, காலை 5:30

மேலே கடைசி வாக்கியம் தப்பு. அழிக்காமல் விடுகிறேன், ஆனால் யாரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

யோவான் அங்கே தாய் என்று சொல்வது தேவனை. வழிகாட்டியை அல்ல. கசப்பைத் தடவுகிறவர் தேவன். ஜெபத்தில் இருந்த இனிப்பு ஒருநாள் தானாக வற்றும். வழிகாட்டி செயற்கையாக வறட்சி உண்டாக்கினால் அது கொடுமை. போன் எடுக்காமல் விட்டு “விசுவாசத்தைச் சோதிக்கிறேன்” என்பவர்கள் உண்டு. முந்தைய குறிப்பில் நான் எழுதியது அவர்களுக்குச் சாக்கு.

வழிகாட்டியின் வேலை வறட்சி வரும்போது அடையாளம் தெரிந்துகொள்வது. அதே நூலில் மூன்று அடையாளம் சொல்கிறார். ஒன்று, தேவ காரியத்தில் ருசி இல்லை, மற்ற எதிலும் ருசி இல்லை. இரண்டு, இருந்தும் மனம் தேவனையே நினைத்து நோகிறது, பின்னுக்குப் போகிறேனோ என்று கவலைப்படுகிறது. மூன்று, முன்போலக் கற்பனை செய்து தியானிக்க முடியவில்லை, முயன்றாலும் வரவில்லை. மூன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். ஜெபத்தில் மட்டும் ருசி போய் சீரியலில் ருசி இருந்தால் அது இருண்ட இரவு அல்ல, சோம்பல்.

முதல் அடையாளம் மட்டும் இருந்தால் உடம்பின் சோர்வாகவும் இருக்கலாம் என்று 16ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்திருக்கிறார். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவைப் பற்றிப் பேச்சு என்றால் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம். பிரசவம் ஆன பெண் என்றால் இரண்டு மடங்கு கவனம்.

வேளாங்கண்ணி_பஸ் | பிப்ரவரி 15, பகல் 12:10

ஆண்களுக்கு ஆண்கள் தாயாக இருக்கலாமா? சிரிக்காமல் பதில் சொல்லவும்.

ஓலைப்பாய் | பிப்ரவரி 15, இரவு 8:45

சிரிக்கவில்லை. இந்த உவமையை அதிகமாக எழுதிவைத்தவர்களே ஆண்கள். 12ஆம் நூற்றாண்டில் கிளேர்வோ மடாதிபதி பெர்னார்டு, உன்னதப்பாட்டு மீதான 23ஆம் பிரசங்கத்தில் மடத்துத் தலைவர்களைப் பார்த்து, உங்கள் கீழ் உள்ளவர்களுக்கு எஜமான்களாக அல்ல, தாய்மாராக இருக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார்.

நடைமுறைச் சட்டமாகவே எழுதினவர் அசிசி பிரான்சிஸ். தனிமை மடங்களுக்கான அவருடைய சிறு ஒழுங்கு ஒரு பக்கம்கூட வராது. சகோதரர்கள் மூன்று பேர், மிஞ்சினால் நான்கு பேர். அதில் இருவர் தாய்மார். அவர்களுக்கு இரண்டு மகன்கள், குறைந்தது ஒருவர். தாய்மார் மார்த்தாளைப் போல வேலைகளைப் பார்க்க வேண்டும், மகன்கள் மரியாளைப் போல ஜெபத்தில் இருக்க வேண்டும். வெளியாள் வந்து மகனைத் தொந்தரவு செய்யாமல் தாய் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியில், அவ்வப்போது மகன்கள் தாய்மாராக மாறி வேலையை ஏற்க வேண்டும்.

ஒரு மகனுக்கு இரண்டு தாய்கூட வரலாம். தாய் என்றால் புத்திசொல்கிறவர் அல்ல, கஞ்சி காய்ச்சி, கதவருகே நின்று, இன்னொருவர் ஜெபிக்க நேரம் உண்டாக்கிக் கொடுக்கிறவர். பாத்திரம் நிரந்தரமும் அல்ல. உங்கள் பட்டியலில் உள்ள இளம் தாய்மாருக்கு இப்படி ஒருவர் கிடைத்தால் போதும்: வாரம் ஒரு மணி நேரம் கைக்குழந்தையை வைத்துக்கொள்ள ஒரு மூத்த சகோதரி. பைபிள் வகுப்பைவிட அது முதலில்.

முத்துநகர்_வாசகி | பிப்ரவரி 16, காலை 7:15

“வெளியாள் பேசாமல் தாய் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்பது எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. யாருடனும் பேசாதே, என்னிடம் மட்டும் பேசு என்று பல இடத்தில் நடப்பது அதுதானே?

ஓலைப்பாய் | பிப்ரவரி 16, இரவு 11:05

பயம் நியாயம். அந்த ஒழுங்கிலேயே மகன் தாயோடு மட்டுமல்லாமல் மேலாளரோடும் பேசலாம் என்று ஒரு ஜன்னல் இருக்கிறது. ஜன்னல் போதாது என்று பிற்காலத் திருச்சபை கண்டுகொண்டது. 1983 கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பில் பாருங்கள். சட்டம் 630: தலைவர்கள் தங்கள் கீழ் உள்ளவர்களை மனச்சாட்சியைத் திறந்துகாட்டும்படி எந்த வகையிலும் தூண்டக்கூடாது. 985: நவதுறவியர் பயிற்சியாளரும் குருமடத்து அதிபரும் தங்கள் இல்லத்து மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்கக்கூடாது, மாணவரே குறிப்பிட்ட சமயத்தில் சுயமாகக் கேட்டாலொழிய. 240: ஒருவருக்குக் குருப்பட்டம் கொடுப்பதா என்ற முடிவில் அவருடைய ஆன்மகுருவின் கருத்தைக் கேட்கவே கூடாது.

மூன்றும் சொல்வது ஒன்று: ஊட்டுகிற கை மதிப்பெண் போடக்கூடாது. உங்கள் சபை புரொட்டஸ்டண்ட் என்றாலும் எடுத்துக்கொள்ள வேண்டிய விதி. “ஆவிக்குரிய தாய்” போதகருக்கு அறிக்கை கொடுக்கக்கூடாது. பாடல் குழுவில் சேர்க்கலாமா, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியையாக்கலாமா என்று அவரிடம் கருத்துக் கேட்கக்கூடாது. கேட்க ஆரம்பித்தால் அந்தப் பெண் அன்றிலிருந்து நல்லவளாக நடிப்பாள்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு, அதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்வோம். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைமேல் பாலியல் குற்றம் என்று தெரியவந்தால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். சபைக்குள் பேசி முடிப்பது என்ற பேச்சே இல்லை. சைல்ட்லைன் 1098.

கெட்டுப்போவதற்கு அடையாளங்கள், நினைவுக்கு வருகிற வரிசையில்: சேலை நிறத்துக்கு அனுமதி கேட்கிறாள். கடன் கொடுத்திருக்கிறீர்கள். அவளுக்கு நீங்களே மாப்பிள்ளை பார்க்கிறீர்கள். இன்னொரு சகோதரியிடம் அவள் ஆலோசனை கேட்டாள் என்று தெரிந்ததும் உங்களுக்குச் சுருக்கென்கிறது. இந்தக் கடைசி ஒன்றைப் பாவம் என்று பதறவேண்டாம். பால் கட்டிக்கொண்டால் வலிக்கும், அது தாயின் வலி. பிள்ளையின் பசி என்று நினைத்து ஊட்டப் போகாதீர்கள். உங்கள் வழிகாட்டியிடம் போய்ச் சொல்லுங்கள். வழிகாட்டி இல்லாதவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்: பால் கொடுக்கிறவளுக்கு முதல் ஆறு மாதம் நாளுக்கு 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு போட்டிருக்கிறது. தான் சாப்பிடாமல் ஊட்ட முடியாது.

ஓலைப்பாய் | பிப்ரவரி 18, மதியம் 2:30

சொல்லைப் பற்றி மறுபடி. முதல் குறிப்பில் “தாய்” என்ற சொல்லுக்காக வாதாடினேன். அதை நியமனப் பெயராக வைப்பதில் இப்போது எனக்கும் உடன்பாடு குறைகிறது.

பட்டியலில் உள்ள பெண்களில் பிள்ளை இல்லை என்று ஊரார் வாயில் விழுந்தவர்கள் இருப்பார்கள். பெற்ற தாயிடம் அடிபட்டவர்கள் இருப்பார்கள். வேறு மதத்து வீட்டிலிருந்து வந்த பெண்ணின் அம்மா உயிரோடு இருப்பார், மகளை இழந்துவிட்டேன் என்று ஏற்கெனவே அழுதுகொண்டிருப்பார். அவர் காதில் “என் ஆவிக்குரிய தாய்” என்று விழுந்தால் என்ன ஆகும்? கத்தோலிக்கச் சட்டத்தில் பெற்ற தாயோ தகப்பனோ ஞானப்பெற்றோராக முடியாது (874). இரண்டு பாத்திரத்தையும் குழப்பாதே என்று அதை நான் வாசிக்கிறேன். அதனால் “மகளே” என்று அழைக்குமுன் கேளுங்கள். அவளுடைய அம்மாவை ஒருமுறை போய்ப் பாருங்கள். பைபிளை எடுத்துப் போகவேண்டாம், பழம் வாங்கிப்போங்கள்.

இதற்குத் திருநெல்வேலிச் சீமையிலேயே ஒரு நல்ல விடை இருக்கிறது. டோனாவூரில் மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் குழந்தைகளைச் சேர்த்து வளர்த்தார். அவரை எல்லாரும் அம்மா என்றார்கள். ஆனால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அன்றாடம் இருந்தது அக்காள், வெளிநாட்டிலிருந்து வந்த பெண் ஊழியர்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. 1931இல் விழுந்து அடிபட்டு, 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் அறைக்குள்ளேயே அவர் இருந்த இருபது வருடமும் வேலை நின்றுபோகவில்லை. அக்காள்களும் சித்திகளும் இருந்தார்களே.

ஆகவே பட்டியலின் தலைப்பை “அக்கா” என்று மாற்றுங்கள். தாய் என்பது செய்ய வேண்டிய வேலையாக இருக்கட்டும். அக்காவை எதிர்த்துப் பேசலாம், அக்கா கல்யாணமாகிப் போய்விடுவாள், அக்காவுக்கே ஒரு அம்மா இருக்கிறாள்.

முத்துநகர்_வாசகி | பிப்ரவரி 21, இரவு 9:30

தலைப்பு மாறிவிட்டது. “அக்கா” என்றதும் பட்டியலில் இருந்த இரண்டு பேர் கோபித்துக்கொண்டு விலகிவிட்டார்கள். ஒன்பது பேர் இருக்கிறார்கள். கடைசிக் கேள்வி: ஒரு வருடம் முடிந்ததும் அந்தப் பெண்ணுக்குக் கையில் ஏதாவது எழுதிக் கொடுக்கலாம் என்கிறார்கள். சான்றிதழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். என்ன எழுதுவது?

ஓலைப்பாய் | பிப்ரவரி 21, இரவு 11:55

அந்த இரண்டு பேர் விலகியது பட்டியலுக்கு நல்லது. தியோடோரா சொன்ன முதல் தகுதி, ஆளும் ஆசை இல்லாதது, அவர்களிடம் இல்லை போல.

கடிதத்துக்கு ஒரு மாதிரி இருக்கிறது. பிரான்சிஸ் தன் கையால் எழுதி இன்றுவரை மிஞ்சியிருப்பவை இரண்டே துண்டு. ஒன்று தன் தோழர் லியோ சகோதரருக்கு எழுதியது, இத்தாலியின் ஸ்பொலேத்தோ பேராலயத்தில் இருக்கிறது. மகனே, தாயைப் போலச் சொல்கிறேன் என்று தொடங்குகிறார். வழியில் நாம் பேசினதையெல்லாம் இந்த ஒரு சொல்லில் அடக்குகிறேன்: ஆண்டவருக்குப் பிரியமாக நடக்க எந்த வழி நல்லது என்று உனக்குப் படுகிறதோ அதையே செய், என் ஆசீர்வாதம் உண்டு. முதலில் அவ்வளவுதான் எழுதினார் போல. அப்புறம் கீழே ஒட்டினாற்போல இன்னொரு வரி: உன் ஆத்துமத்துக்காகவோ ஆறுதலுக்காகவோ என்னிடம் வரவேண்டும் என்று தோன்றினால், லியோ, வா.

இலத்தீனில் இலக்கணப் பிழைகள் இருக்கின்றன. உங்கள் அக்காமார் எழுதுவதிலும் இருக்கும், திருத்த வேண்டாம். தட்டச்சு செய்ய வேண்டாம்.

கரிசல்_டீக்கன் | பிப்ரவரி 22, காலை 7:40

பால்மறந்த விருந்துக்குப் பிரியாணியா, சாம்பார் சாதமா? இங்கேயும் அதே யோசனையைச் சொல்லிவிட்டேன், கமிட்டி அதற்குத்தான் கூடுகிறது. வசனப் படம் நேற்றோடு நிறுத்தினேன். காலையிலேயே மூன்று பேர் போன் பண்ணி உடம்புக்கு என்ன என்று கேட்டார்கள். அந்த மூன்று பேரிலிருந்து தொடங்கலாம் என்றிருக்கிறேன்.

ஓலைப்பாய் | பிப்ரவரி 22, காலை 7:58

மூன்று சரியான எண்ணிக்கை. பிரியாணி.